பெருநோய் என்று நான் சொன்ன கால்

கண்ணு, எட்டுக் கிரகம் ஒரே ராசியில் கூடுகிறது, உலகம் அழியப் போகிறது என்று ஊரே நடுங்கிக் கிடந்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தத் தை மாதக் கடைசியில் பனியன் கம்பெனிகளில் பாதியைப் பூட்டிவிட்டார்கள். கோயில்களில் நிற்க இடமில்லை. அதே வருஷம் ஐப்பசியில் சீனாக்காரன் எல்லையில் சண்டைக்கு வந்தான். பெண்கள் கையிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றி யுத்த நிதிக்குக் கொடுத்தார்கள். உலகம் அழியவில்லை. நம் வீட்டில்தான் ஒரு மனிதரை நான் அழித்தேன். பதினேழு வருஷமாக அதை நோய் செய்தது என்றே நினைத்திருந்தேன். நான் செய்தது என்று தெரிந்து இன்றைக்கு இருபத்திரண்டு நாள் ஆகிறது.

கல்கத்தாவிலிருந்து தெருமுனைக் கடை முகவரிக்கு நீ போட்ட கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. கடைக்காரர் வெளியூர் போயிருந்ததால் தபால்காரர் அதை வீட்டில் கொடுத்துவிட்டார். எழுத்துத் தெரியாத எனக்குக் கடைக்காரர் படித்துச் சொல்வார், வேறு யார் காதுக்கும் போகாது என்று நம்பி எழுதியிருக்கிறாய். படித்தது உன் மனைவி சரோஜா. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபடியே படித்தாள். தெருவில் நடக்கும்போது இடது கால் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் ட்ராம் நிற்கிற இடம் வரைக்கும் நடந்தாயாம், பின்னால் வந்தவன் கையில் எடுத்து வந்து கொடுத்த பிறகுதான் காலைக் குனிந்து பார்த்தாயாம் என்கிற வரையில் குரல் சரியாக இருந்தது. 'பெரியப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டதுங்கப்பா' என்ற இடத்தில் நின்றுவிட்டாள். குழந்தைக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நீ அவளை ஊருக்கு அனுப்பியது பொய் என்பதும், மாடியில் தனி அறை எடுத்துத் தனித் தட்டில் சாப்பிடுகிறாய் என்பதும், இனி இந்தப் பக்கம் வருவதில்லை என்று முடிவு செய்திருக்கிறாய் என்பதும் அவளுக்கு அவள் வாயாலேயே தெரிந்தது.

"மாமா, பெரிய மாமாவுக்கு என்னங்க வந்துச்சு?" என்று கேட்டாள். பெண் பார்க்கப் போனபோது நம் வீட்டில் யாரும் அதை அவர்களிடம் சொல்லவில்லை. "பெருநோய்னு சொன்னோம் அம்மணி. நான்தான் சொன்னேன். ஆனா அது பெருநோய் இல்ல" என்றேன். குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, "காயிதம் எடுத்தாறேன் மாமா, சொல்லுங்க. மொதல்ல அந்தத் தட்டத் தூக்கி வெளிய வீசச் சொல்லுங்க அந்தக் கூறு கெட்ட மனுசன" என்றாள். 'என்ன சொல்வது எப்படிச் சொல்வது என்று எனக்கு ரெண்டு நாள் வேண்டும், அதற்கு முன்னால் ஓர் இடத்துக்குப் போய் வரவேண்டும்' என்றேன். போய் வந்துவிட்டேன். இப்போது சொல்லச் சொல்ல எழுதுகிறவள் அவள்தான். அதனால் எதையும் மறைக்கப் போவதில்லை.

உன் பெரியப்பாவைப் பெரிய தொந்தியோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆளாகத்தான் நீ பார்த்திருப்பாய். அதற்கு முந்தின ஆளை எனக்குத் தெரியும். சலவைப் பட்டறை தொடங்கிய புதிதில் நாங்கள் இரண்டு பேரும்தான் கூலியாட்கள். கம்பெனியிலிருந்து வரும் துணியைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து, சோடா போட்டு வேகவைத்து, வெளுப்பு மருந்துத் தொட்டியில் இறங்கி நாள் முழுக்க மிதிப்போம். கம்பஞ்சோறும் ராகிக் களியும் மோரும்தான். மூட்டை தூக்கினால் பெரியப்பா முதுகில் எலும்பு எண்ணலாம். பிறகு ஆள் வைத்தோம். பெரியப்பா நாற்காலிக்கு ஏறினார். மூன்று வேளையும் பச்சரிசிச் சோறு வந்தது, சோற்றில் ஊத்துக்குளி நெய் குளம் கட்டி நின்றது, வாயை விட்டுப் பீடி இறங்கவே இல்லை. கம்பு திங்கிற வீடு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று நான்தான் வீட்டில் கம்பே ஏற்றக் கூடாது என்றேன். வேட்டி இடுப்பில் நிற்காமல் வழுக்கும். பார்த்தவர்கள் "தேறீட்டீங்க போங்க" என்பார்கள். எங்களுக்கு அது பெருமையாக இருந்தது. மனிதர் குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதையும், பேசிக்கொண்டிருக்கும்போதே ஒன்றுக்குப் போக நாலு தடவை எழுந்திருப்பதையும் வைத்துப் பட்டறையே சிரிக்கும். "மொதலாளி குடிக்கற தண்ணிக்கு இன்னொரு தொட்டி கட்டோணும்" என்பான் ஒருவன். "கட்டு, உன்னைய அதுக்குள்ள போட்டு மிதிக்கறேன்" என்பார் பெரியப்பா.

உலகம் அழியும் என்று சொன்ன மூன்று நாளும் பட்டறை பூட்டித்தான் கிடந்தது. "அழியறதுன்னு ஆயிப்போச்சு, வகுத்த ரொப்பிக்கிட்டு அழியலாம் போடா" என்று பெரியப்பா வெல்லப் பூரணம் வைத்து ஒப்புட்டு சுடச் சொல்லி, நெய்யைத் தொட்டுத் தொட்டுத் தின்றார். நாலாம் நாள் பட்டறையைத் திறந்தோம். துணி வேகவைக்கிற அடுப்பிலிருந்து நெருப்புக் கங்குகளை வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். பெரியப்பா அதன் பக்கத்தில் நின்று, உலகம் அழியாததைப் பற்றி ஆட்களிடம் கிண்டல் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு வாடை வந்தது. எல்லாருக்கும் வந்தது. பெரியப்பாவே மூக்கை உறிஞ்சி, "ஏன்டா, எவன்டா கறி சுடறது? என்னமோ கருகுது" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். நான் கீழே பார்த்தேன். அவருடைய இடது கால் கங்கின் மேல் இருந்தது. புகை அவர் காலிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணு, எத்தனையோ சாவு பார்த்திருக்கிறேன். தன் கால் வேகிற வாடையை முகர்ந்து, எவன் கறி சுடுகிறான் என்று கேட்ட மனிதரின் முகம்தான் இன்றைக்கும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அன்று சாயங்காலம் தையல் மிஷின் ஊசி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். பெரியப்பாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, சுட்டுப் போகாத வலது கால் விரலில் குத்தினேன். "எப்படா குத்துவே?" என்றார். குத்தியாயிற்று, ரத்தம் வந்துகொண்டிருந்தது. உணர்ச்சி செத்த கால் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். சந்தை வாசலில் விரலற்ற கையை நீட்டி உட்கார்ந்திருப்பவர்களுக்கு இருக்கும் குஷ்டம். ஒரு வைத்தியரைக் கேட்கவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நானே சொன்னேன், பெருநோய் என்று. சுற்றி நின்றவர்கள் ரெண்டு அடி பின்னால் போனார்கள். பெரியப்பா கண்ணைத் திறந்து என் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார்.

ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று நீ கேட்பாய். பெருநோய்க்காரர் கால் வைத்த தொட்டியில் வெளுத்த துணியை எவன் உடம்பில் போடுவான்? சேதி ஒரு கம்பெனிக்குப் போனால் மறுநாள் எல்லாக் கம்பெனியும் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடும். பட்டறை போய்விடுமே என்று பயந்தேன். அருள்புரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த நம் தோட்டத்துச் சாளையில், அந்த ஓலைக் குடிசையில், பெரியப்பாவைக் கொண்டுபோய் வைத்தேன். ஊரில் கேட்டால் மூட்டுவலி, பட்டறை ஈரம் ஆகவில்லை என்றோம். உன்னை அவிநாசியில் உன் அத்தை வீட்டில் விட்டேன். படிப்புக்காக என்று உன்னிடம் சொன்னது பொய். அவர் குடித்த சொம்பு, உட்கார்ந்த நாற்காலி, எல்லாவற்றையும் தோட்டத்தில் கொண்டுபோய்ப் போட்டு எரித்தேன்.

பெரியம்மா அவருடன் போவார் என்று நான் நினைக்கவில்லை. வண்டி ஏறும்போது தன் துணி மூட்டையையும் தூக்கி வைத்தார். "அண்ணி, வேண்டாமுங்க. தொத்து வியாதி. வாசலோட சோறு வெச்சுட்டு வந்தாப் போதும்" என்றேன். "கட்டிக்கிட்டு வந்து இருவது வருசம் ஆச்சுங்க கொழுந்தனாரே. தொத்தறதுன்னா எப்பவோ தொத்தியிருக்கும். நீங்க போயி உங்க பட்டறையப் பாருங்க" என்றார். அதற்குப் பிறகு பதினாலு மாதம் அந்தச் சாளையில் அவர்கள் ரெண்டு பேர்தான். தனி வட்டில் வைக்கும்படி நான் சொல்லி அனுப்பினால், அந்த வட்டிலை நாய்க்கு வைத்தார். நான் வாசலுக்கு இந்தப் பக்கம் நின்று பேசிவிட்டுத் திரும்புவேன். உள்ளே போனதே இல்லை.

உள்ளே போகாத பாவத்துக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? தின்னக் கொடுத்தேன். வாரம் தவறாமல் வண்டியில் பச்சரிசி, நெய், மண்டை வெல்லம், உன் அம்மா கையால் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம். சீக்காளி, தேறட்டும் என்று. பெரியப்பாவுக்கு இனிப்பு என்றால் உயிர். மனிதர் தின்னத் தின்ன இளைத்தார். தொந்தி போனது, கன்னம் ஒட்டியது, கண் மங்கியது, கால் புண் ஆறாமல் மேலே ஏறியது. இளைக்கிறாரே என்று இன்னும் இரண்டு பங்கு வெல்லம் அனுப்பினேன். ஒரு நாள் பெரியம்மா வாசலுக்கு வந்து, "ஏனுங்க கொழுந்தனாரே, ஒண்ணு சொல்லோணும், சிரிக்காதீங்க. அவுரு ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொய்க்குதுங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, தெனமும். எடத்த மாத்துனாலும் அங்கயும் வருதுங்க" என்றார். நான் சிரிக்கத்தான் செய்தேன். "வெல்லம் சிந்தியிருக்கும், கூட்டி உடுங்க" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "வெல்லம் ஊட்டுக்குள்ள இருக்குதுங்க. எறும்பு கொல்லையில மொய்க்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த அம்மாள் கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, நோயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் கூட்டிவிடச் சொன்னேன்.

சீனாக்காரன் சண்டை ஓய்ந்து வந்த சித்திரையில் பெரியப்பா போய்விட்டார். கால் முழங்கால் வரைக்கும் கறுத்திருந்ததாம். காரியம் முடிந்ததும் பெரியம்மா ஊத்துக்குளிப் பக்கம் தன் பிறந்த ஊருக்குப் போனார். அதன் பிறகு நம் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை.

இருபத்திரண்டு நாளைக்கு முன்னால் கண்ணில் புரை எடுக்கக் கோயமுத்தூர் போனேன். அறுப்பதற்கு முன்னால் மூத்திரம் பிடித்துத் தரச் சொன்னார்கள். கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீர் வைத்து, அதில் சில சொட்டு விட்டு, சின்ன விளக்கில் காட்டினார் டாக்டர். நீலம் பச்சையானது, மஞ்சளானது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே செங்கல் நிறமாகிவிட்டது. நாற்பது வருஷம் துணி வெளுத்தவன் நான்; நிறம் போவதைப் பார்த்திருக்கிறேன், இப்படி வருவதைப் பார்த்ததில்லை. "சக்கரை இருக்குதுங்க பெரியவரே. ஊட்டுல வேற யாருக்காவது இருந்துச்சா?" என்றார். இல்லை என்றேன். "யாருக்காவது ஆறாத புண்ணு? கால் மரத்துப் போறது?" என்றார். அண்ணனுக்கு, ஆனால் அது பெருநோய் என்றேன். எந்த டாக்டர் சொன்னார் என்று கேட்டார். தண்ணீர் குடித்ததைக் கேட்டார், ஒன்றுக்குப் போனதைக் கேட்டார். எறும்பைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானே சொன்னேன். டாக்டர் விளக்கை ஊதி அணைத்தார். "பெரியவரே, அது பெருநோய் இல்லீங்க. உங்களுக்கு இருக்கறது எதுவோ அதுதான் உங்க அண்ணனுக்கும் இருந்திருக்குது. பெருநோயாவே இருந்தாலும் அதுக்கு அப்பவே மாத்திரை இருந்துச்சு, ஒதுக்கி வெக்கற வியாதி இல்ல" என்றார். தொத்துமா என்று கேட்டேன். "ஒரே தட்டுல சாப்பிட்டாத் தொத்தாது. தட்டுல என்ன போட்டுச் சாப்பிடறீங்கங்கறதுலதான் இருக்குது" என்றார். நெய்யும் வெல்லமும் ஏற்றிக்கொண்டு போன வண்டிச் சக்கரச் சத்தம் காதில் கேட்டது.

இதை யாரிடமும் சொல்லாமல் செத்துப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன் கண்ணு. உன் கடிதம் வராமல் இருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும். உன் கடிதம் வந்த மறுநாள் ஊத்துக்குளிக்குப் போனேன். பெரியம்மா மோர் கடைந்துகொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எறும்பைச் சொன்னபோது மத்து நின்றது. "அப்ப, அந்த வெல்லம்?" என்றார். ஆமாம் என்றேன். "கச்சாயம்?" என்றார். ஆமாம் என்றேன். "நான் ஊட்டி உட்டனுங்க. கண்ணுத் தெரியலீன்னு, என்ற கையால ஊட்டி உட்டனுங்க" என்றார். அவரைக் கொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தோமா என்று நினைத்தேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்ப எதுக்கு வந்து இதச் சொல்றீங்க? நானும் சாகோணுமா?" என்று கேட்டார். உன் சேதியைச் சொன்னேன். எழுந்தே விட்டார். "பையன் கால்ல புண்ணு இருக்குதா? இல்லீல்ல? பொறவு இங்க எதுக்கு நிக்கறீங்க? எழுதுங்க போங்க! ஒரு மனுசனத் தனியா வெச்சுக் கொன்னது போதாதா, இப்ப அவன் தன்னையவே தனியா வெச்சுக்கறானா?" என்று என்னைத் துரத்திவிட்டார். நான் பத்து அடி போனதும், "கொழுந்தனாரே, மோர் குடிச்சுட்டுப் போங்க" என்று கூப்பிட்டார்.

அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதம் கைக்கு வந்த மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போ. மூத்திரமும் ரத்தமும் கொடு, காலைக் காட்டு, ரத்தக்கொதிப்பு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். சக்கரையும் அதுவும் கூட்டாளி என்றார் டாக்டர். சக்கரை என் அண்ணனுக்கு இருந்தது, எனக்கு இருக்கிறது. கேட்டால் இதைத் தயங்காமல் சொல். நான் ஊசி குத்திப் பார்த்த மாதிரி நீயாகக் குத்திப் பார்த்து நீயாகவே ஒரு பெயர் வைத்துக்கொள்ளாதே. வேறு ஏதாவது என்று அவர்கள் சொன்னால் அதற்கும் மருந்து இருக்கிறது. அதற்கும் தனித் தட்டு வேண்டாம். போன தீபாவளிக்கு வந்தபோது நீ வேட்டியை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டியிருந்தாய். பார்த்துவிட்டு, என் பையன் தேறிவிட்டான் என்று நான்தான் சந்தோஷப்பட்டேன். அந்தச் சொல்லை இப்போது திருப்பி வாங்கிக்கொள்கிறேன். ஏஜென்ட் வேலை என்று நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறாய். ட்ராமை விட்டுவிட்டு நட, ஆனால் வெறுங்காலோடு நடக்காதே; வெறும் செருப்புக்குப் பதிலாகக் குதிகாலில் வார் உள்ளதாக வாங்கிக்கொள். தினமும் சாயங்காலம் பாதத்தைத் திருப்பிப் பார், உனக்குத் தெரியாமல் ஏதாவது குத்தியிருக்கும். அந்த ஊர் ரசகுல்லாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. சிகரெட்டை விடு. "அதயும் எழுதறேன் மாமா, இன்னும் பெருசா எழுதறேன்" என்கிறாள் சரோஜா. நானும் பீடியை விட்டுவிட்டேன். பதினெட்டு நாளாக வாய் எதையோ தேடுகிறது. வீட்டில் மறுபடியும் கம்பு ஏறியிருக்கிறது. நம் வீட்டு ரத்தத்தில் வருவதை நிறுத்த முடியாதாம், ஆனால் அதை உட்கார வைத்துச் சோறு போட்டு வளர்த்தது நாம்தான்.

அடுத்த வாரம் சரோஜாவும் குழந்தையும் அங்கே வருகிறார்கள். வேண்டாம் என்று தந்தி அடிக்காதே, வந்தாலும் கிழித்துப் போடுவாளாம். உன் தட்டில் அவள் சாப்பிடுவாள்.

இன்னமும் உனக்கு நம்பிக்கை வராது. பதினேழு வருஷமாகத் தொத்து தொத்து என்று கேட்டு வளர்ந்தவன் நீ. அதற்காக ஒன்று மட்டும் சொல்கிறேன். பட்டறையில் அந்த வாடையை முகர்ந்தவர்கள், ஊசி குத்தியபோது பின்னால் போனவர்கள், வாசலோடு கச்சாயம் வைத்துவிட்டுத் திரும்பிய உன் அம்மா, எல்லாரும் அவரவர் காலம் முடிந்து போய்விட்டார்கள். அவர்கள் யாரும் அந்தச் சாளைக்குள் கால் வைத்தவர்கள் இல்லை. நானும் இல்லை, என்னைச் சேர்க்காதே. உள்ளே இருந்து, அவர் வட்டிலில் தின்று, அவர் பாயில் படுத்து, அந்தப் புண்ணை வெறுங்கையால் கழுவிக் கட்டியவர் ஒரே ஒருவர். வெள்ளிக்கிழமை அவர் மோர்ச் சொம்பை நீட்டியபோது நான் எண்ணிப் பார்த்தேன். கை விரல் பத்து, கால் விரல் பத்து, ஒன்றுகூடக் குறையாமல் இன்றும் உயிரோடு இருக்கிறார் உன் பெரியம்மா ராமாத்தாள்.